அரைச்சுற்று

என் உயரம் நாலடி பத்து.
மில்லிங் மெசினின் உச்சந்தலை ஏழடி.
மிச்சத்தை ஒரு ஸ்டூல் பார்த்துக்கொண்டது.

கட்டர் மாற்றவேணுமென்றால்
ஏறி, இடக்கையால் பிரேக்கைப் பிடித்து
வலக்கையால் ஸ்பானரைக் கொழுவி
ட்ரோபாரை அரைச்சுற்றுத் தளர்த்தி
சுத்தியலால் ஒரு தட்டு.
கீழே விழப்போகிற கட்டரை ஏந்த
இன்னொரு கைக்கு நான் எங்கே போக?

அக்குயினாசின் வள்ளத்துக்கு ஒரேயொரு கப்ளிங்:
பதினேழு ஏற்றம், பதினேழு இறக்கம்.
பக்கத்திலிருக்கிற கோணேசர் மலையில் ஏறியிருந்தால்
புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

கிண்ணியாவில், ஹிதாயத்துல்லாவின் டயர்க் கடையில்,
காற்றுத் துப்பாக்கி ஒன்று தூசிபிடித்துக் கிடந்தது.
நட்டுக் கழற்றுகிற துப்பாக்கிதான்.
சண்டைக் காலத்திலென்றால்
அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு
துறை கடந்து வந்திருக்க மாட்டேன்.
"லொறிச் சில்லுக்கு இதுக்குப் பலம் காணாது தங்கச்சி,
உங்களுக்கு என்னத்துக்கு?"
அந்தக் காணாமைதான் வேணும் என்றேன்.

தலைக்கு மேல் ஒரு அலுமினியத் தட்டு, இரண்டு தண்டு,
துப்பாக்கியைக் கீழே அமுக்க ஒரு சிலிண்டர்,
திரும்பத் தூக்க ஸ்பிரிங்குகள்.
வேலையில்லாத நேரத்தில் சொக்கட்
ட்ரோபாருக்கு ஆறு மில்லிமீட்டர் மேலே
தொடாமல் நிற்கவேணும்.
தொட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.
தொடாமல் நிற்கப் பழக்கத்தான் இரண்டு கிழமை போனது.
சைக்கிள் சீற்றின் ஸ்பிரிங் தொய்ந்தது.
மோட்டர் சைக்கிள் ஸ்டாண்டினது முரண்டு பிடித்தது.
கடைசியில் ஒரு செத்த லான்ட்மாஸ்டரின்
வால்வு ஸ்பிரிங்குகள் சம்மதித்தன.

ட்ரோபாரின் தோளுக்கு மேல் ஒரு மூடி கடைந்து போட்டேன்.
தளரும்போதே கொலட்டைக் கீழே தள்ளிவிடும்.
சுத்தியலுக்கும் ஓய்வு.

பச்சைப் பொத்தான்.
டர்ர்ர்ர்.
வேலிக்கு வெளியே குப்பை கிளறிக்கொண்டிருந்த மூன்று மான்கள்
தலையை நிமிர்த்தாமல் காணாமல் போயின.
ஸ்டூலை அவர் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சிவப்புப் பொத்தான்.
டர்ர்ர்ர்.
டர்ர்ர்ர்.
ஒன்றும் அசையவில்லை.
இறுக்கின அதே பலம் தளர்த்தப் போதாதாம்.
கையேட்டில் இருந்திருக்கும்,
கச்சான் மழையில் அந்தப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன.
அவர் ஒரு வார்த்தை பேசாமல்
ஸ்டூலைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்,
மேலே சோற்றுப்பானையின் கரிவட்டத்தோடு.
ஸ்பானருக்குக் குழாய் மாட்டித் தொங்கினேன்.
நாலடி பத்தும் முழுதாய்த் தொங்கியது.
மூன்றாம் நாள் விட்டது.

பிறகு பச்சையின் குழாயில் மட்டும் ஒரு ரெகுலேட்டர்.
இறுக்குவதற்கு ஐந்து, தளர்த்துவதற்கு எட்டு.
அவர் கேட்டார், "இது மெசினுக்கு மட்டுமா?"
நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டருக்குக் கரண்ட் போகையில்
காற்றை மூடிவிடுகிற ஒரு வால்வும் பூட்டினேன்.
சுற்றுகிற ஸ்பிண்டிலில் கைதவறி அமுக்கினால்
என்ன பறக்கும், எந்தப் பக்கம் பறக்குமென்று
படம் கீறிப் பார்த்தேன்.
என் கதிரை எல்லாப் படத்திலும் நடுவில் இருந்தது.

நேற்று ஏழரைக்குக் கரண்ட் போனது.
ஸ்பிண்டில் மெல்லமெல்லத் தணிந்து நின்றது.
திருக்கடலூர் முழுக்க இருட்டு.
எங்கேயோ ஒரு ரேடியோ பாதிச் சொல்லில் அறுந்தது.
கொம்பிரசர் ஓய்ந்துவிட்டது,
தாங்கிக்குள் மட்டும் காற்று மிச்சம்.

பழைய சாரத்துண்டை இடக்கையில் விரித்து
ஸ்பிண்டிலுக்குக் கீழே பிடித்தேன்.
வலக்கை விரல் தடவிப்போய்
சிவப்பென்று நினைவிருந்த இடத்தை அமுக்கியது.

டர்ர்,
பிறகு ஒரு நீண்ட மூச்சு.

கட்டர் கைக்குள் விழுந்தது.
துணிக்கு மேலாகவும் சுட்டது.