நாற்பத்தொன்றாம் பொறி

எங்குரி ஆற்றின் இக்கரையில்
என் பொறுப்பில் நாற்பத்தொரு பொறிகள்.
கறுப்புக் கூம்பு, பசைத்தாள்,
"வாருங்கள், சொந்தமெல்லாம் இங்கேதான்" என்று
பொய் சொல்லும் ஒரு ரப்பர்த் துண்டு.
வியாழன்தோறும் எண்ணுகிறேன்.
எண்ணிய விரலில் கொத்தமல்லி வாடை.
குழம்பில் விழுந்தால் மணம், பூச்சி விட்டால் நாற்றம்.
மூன்று வருடமாக என் அடுப்பு அதை அறியாது.

நாவாய்ப் பூச்சி.
பெயரிலேயே கப்பல் இருக்கிறது,
ஆறு எப்படித் தடையாகும்?
பாலத்தில் காவல் நிற்பது நமக்கு மட்டும்.

ஹேசல் தோட்டங்களுக்குள்
ஆறு, ஒன்பது, நான்கு, ஏழு என்று வரும் எண்கள்
கரையோர நாற்பத்தொன்றில் மட்டும்
இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு முறை மருந்தடித்தோம்.
பத்தாம் நாள் பொறி மறுபடி நிறைந்தது.
மேலதிகாரி எஸெபுவா சொன்னார்:
"தப்பாக எண்ணியிருப்பாய். திரும்ப எண்ணு."
எண்ணினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
எண்ணும்போதே ஒன்று வந்து உட்கார்ந்தது.

ஜூனில் ஒரு நாள்
தேனீ வளர்க்கும் ஜும்பெர் கோகியா
பிஸ்கட் டப்பா ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார்.
அக்கரையில் இரவு புகையடித்திருக்கிறார்கள்.
விடிந்ததும் தேனீக்கள் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கின்றன.
யாரும் சொல்லவில்லை, சொல்ல வழியுமில்லை.
தேதி, தோட்டம், மருந்து, லிட்டர், காற்று, ஆதாரம்
என்று ஆறு பத்திகள் உள்ள என் பதிவேட்டைத்
தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு
"இதுகளை எதில் எழுதுவாய்?" என்றார்.
டப்பாவை எடுத்துக்கொள்ளாமல் போனார்.

அன்று மாலைதான் நதேலாவைக் கூப்பிட்டேன்.
என் நாத்தனாருக்கு நாத்தனார்.
அக்கரையில் மூன்று கிராமத்துக்கு
மருந்து அளந்து கொடுப்பவள்.
சுவருக்குக் காது உண்டு,
போனுக்கு அதைவிடப் பெரிய காது.
ஆகவே பிளம் ஜாம் பற்றிப் பேசினோம்.
"எத்தனை ஜாடி போட்டாய்?"
"நாற்பது. செவ்வாய் ராத்திரி இன்னும் முப்பது கிண்டுவேன்."
"அடுப்புப் புகை எந்தப் பக்கம்?"
"மலைப் பக்கம்."

செவ்வாய் ராத்திரி
எங்கள் இயந்திரங்களும் உறுமின.
ஜும்பெர் தன் பெட்டிகளின் வாசலை
ஈரச் சாக்கால் மூடியிருந்தார்.
ஒரே இரவில் இரண்டு கரையிலும் வெண்புகை.
நடுவில் ஆறு மட்டும் கறுப்பாக.

நூற்றுப் பத்து. அறுபத்தொன்று. முப்பத்தெட்டு.
எஸெபுவா வரைபடத்தைத் திபிலிசிக்கு எடுத்துப்போனார்,
ஒருங்கிணைப்பு என்ற சொல்லை
ஏழு முறை சொன்னாராம்.
ஆதாரம் என்ற பத்தியில்
நான் எழுதியிருந்தது: காற்று.
யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பாதியில் நதேலாவின் குரல் தாழ்ந்தது.
"இந்தத் தடவை பழைய ஜாடி. கொஞ்சம் கசக்கும்."
அறுவடைக்கு ஒன்பது நாள்.
கொட்டை பொறுக்கும் கைகளுக்கு
அங்கேயும் உறை கிடையாது, இங்கேயும்.
"ஜாமை விடு நதேலா. மருந்தின் பேரென்ன?"

வெகுநேரம் அவள் வீட்டுக் கோழிகள் மட்டும் பேசின.
பிறகு, லேபிள் கிழிந்திருக்கிறது,
மிச்சத்தைப் படிக்கிறேன் என்று
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
நான்காம் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
கடைசி வரை சொல்லவிட்டேன்.

"அடித்தாயிற்றா?"
"ஒரு தோட்டம். என் தம்பியுடையது."
"யாரையும் உள்ளே விடாதே. நான் சொல்லும் வரை."
"கொட்டை உதிர்ந்து மக்கிப்போகும்."
"தெரியும்."
"அவன் என்னோடு பேசமாட்டான்."
"தெரியும்."

வைக்கும் முன் அவளாகவே கேட்டாள்:
"உன் நாற்பத்தொன்றில் இந்த வாரம் எத்தனை?"
"முப்பத்தெட்டு."
"எனக்கு நாற்பது."
"ஜாடியா?"
"பூச்சியடி."