மை இல்லாத விரல்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
மூன்று ஆரஞ்சுக் கூம்புகள், நடுவே ஒரு நாடா.
இதற்கு மேல் வாக்காளர்கள் மட்டும் என்றாள்
கழுத்தில் அட்டை தொங்கிய மலாய்ப் பெண்.
சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள்.

தணிகை தன் கைபேசியை என்னிடம் தந்துவிட்டு
பிங்க் ஐசியோடு உள்ளே போனார்.
நான் பாலித்தீன் பையில் கீரையோடு நின்றேன்.

தினமும் நான் நடக்கிற இடம்தான் அது.
போன மாதம் அதே தூணருகே
ஒரு சீனர் வீட்டுச் சாவுக்கு இரண்டு இரவு
வேர்க்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அப்போது யாரும் அட்டை கேட்கவில்லை.

என் அட்டை நீலம்.
நிரந்தரவாசி என்று பெயர்.
அந்த நிரந்தரத்துக்கு
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேதி முடியும்.
இருப்பதற்கு அனுமதி கேட்பதில்லை,
போனால் திரும்பி வருவதற்குத்தான்.
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தால்
நானும் நிரந்தரம்தான்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில்
மூன்று பேர் கட்டைவிரலுக்கும்
ஒரே வேகத்தில்தான் திறக்கிறது கண்ணாடிக் கதவு.
வித்தியாசம் தெரிவது அடுத்தவன் வாசலில்.
ஜப்பானுக்கு
அவரும் நன்முல்லையும் பெட்டி கட்டினால் போதும்;
நான் வங்கிக் கணக்கின் ஆறு மாத வரவு செலவை
அச்செடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.
அம்மாவுக்கு மட்டும் ஏன் ஹோம்வொர்க் என்றாள் மகள்.

ஏன் மாறவில்லை?
நல்ல காரணம் ஒன்றும் கைவசம் இல்லை.
துறையூரில் தங்கையும் நானும்
கூட்டுப் பட்டாவில் வைத்திருக்கும் மனையைச் சொல்லிப் பார்த்தேன்.
அதற்கொன்றும் தடையில்லை அக்கா என்று
ஏஜென்ட் அதையும் பிடுங்கிக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால்,
தணிகையின் பழைய பாஸ்போர்ட்டை
ரத்து முத்திரை குத்தி
ஒரு மூலையைக் கத்தரித்துத் திருப்பித் தந்தார்கள்.
அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சாப்பிடப் போகலாம் என்றார்.
எனக்கு அந்த மூலை எங்கே விழுந்திருக்கும் என்றே
அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.
இதைப் போய் எந்தப் படிவத்தில் எழுதுவது?

எட்டாம் மாடி மேடம் கோ
கைத்தடியோடு வெளியே வந்தார்.
நீ போடலையா?
எனக்கு இல்லை ஆன்ட்டி.
அவர் என் கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பத்தொன்பது வருஷம் இருக்கியே லா என்றார்,
யாரோ என் முறையைத் தாண்டி
முன்னால் நுழைந்துவிட்டதைப் போல.

தணிகையின் கைபேசி அடித்தது.
ஏர்கான் சுத்தம் செய்ய வருகிறவன்.
வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றான்.
உள்ளே இருக்கிறார், நான் வெளியே என்றேன்.
அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒருவழியாக அவர் வந்தார்.
என்னை அறியாமல் இடது கையைப் பிடித்து
விரலைத் திருப்பிப் பார்த்தேன்.
இங்கே மை வைக்கமாட்டார்கள் என்று சிரித்தார்.

யாருக்குப் போட்டீங்க?
ரகசியம்.
விளையாட்டுக்குத்தான் சொன்னார்.
ஆனால் சொல்லவில்லை,
லிஃப்ட் வரை, லிஃப்டுக்குள், வீட்டுக் கதவு வரை.
பி.எஃப். பாஸ்வேர்டு முதல்
மூலம் வரை என்னிடம் சொன்ன மனுஷன்.

நான் கடைசியாக ஓட்டுப் போட்டது
இங்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, திருச்சியில்.
நகத்தில் ஏறிய மை
விமானத்தில் என்னோடு வந்தது.
பிடோக் வாடகை அறையில்
நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய செய்தித்தாளை விரித்து
நகவெட்டியால் வெட்டினேன்.
பிறை மாதிரி, ஊதாவாக, ஒரு துண்டு.

தாளை மடித்துக் குப்பைக்குழாயில் போட்டேன்.
ஏழு மாடி.
கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.