எண்ட் ஃபீல்

முதல் செமஸ்டரில் நோயாளிகள் கிடையாது.
ஒருவர் உடம்பில் ஒருவர் படித்தோம்.
ஜெனோவாவின் முழங்கையை நான் நீட்டினேன்:
விளக்குத்தூண் கடைகளில்
இரவு பத்தரைக்கு ஷட்டர் தரையைத் தொடுமே,
அப்படி எலும்பில் எலும்பு நின்றது.
கடினம் என்று எழுதிக்கொண்டேன்.
என் முழங்காலை அவள் மடக்கினாள்:
ஆடுசதை தொடையில் சாய்ந்தது,
லாரியில் அரிசி மூட்டைமேல் மூட்டை.
மென்மை.
மூன்றாவது, ஈரக்கயிறு இழுபட்டு
இதற்குமேல் இல்லை என்பது.
நான்காவதற்கு
வகுப்பில் யாரிடமும் உடம்பு இல்லை.
வெற்று என்று போர்டில் எழுதி
அடியில் கோடு போட்டார் சாந்தகுமாரி மேடம்.
உவமை கேட்டோம்.
"வந்தா தெரியும்" என்று
கையில் ஒட்டிய சாக்பீஸைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் வருடம் பெரியாஸ்பத்திரி.
மெழுகுத் தொட்டியின் வாசனை,
ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
டோக்கனைப் பல்லில் கடித்தபடி
ஒற்றைக் கையால் சட்டையைக் கழற்றப் பார்க்கும் காசிமாயன்.
சிம்மக்கல்லில் பரோட்டா மாஸ்டர்.
சுகர், பதினோரு வருடம்.
கோனியோமீட்டரின் ஒரு கை விலாவோரம்,
மறு கை அவர் கையோடு.
எழுபது டிகிரி.
"வலி பத்துக்கு எத்தனை அண்ணே?"
"பத்து ரூவாய்க்கு எட்டு ரூவா.
ராத்திரியில மிச்ச ரெண்டும் வந்துரும்."

எனக்கு முன்னால் மூன்று பேருக்குப்
பரீட்சைக் கேஸாக உட்கார்ந்தவர்.
நான் வாய் திறக்குமுன்
"வெளிப்பக்கம் திருப்புறதுதான் ரொம்ப மோசம்,
அத மொதல்ல எழுதிக்கங்க" என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.

சுவரில் விரல் நடத்தச் சொல்லிக்கொடுத்தேன்.
கடையின் விலைப்பட்டியலில் ஏறுகிறாராம்.
"முட்டை பரோட்டா வரைக்கும் வந்துட்டேன் டாக்டரம்மா.
கொத்து பரோட்டா இன்னும் ஒரு சாண் மேல."

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பஞ்சவர்ணம்.
சிந்தாமணியில் அப்பளம் காயவைக்கிறவள்.
சீட்டில் அதே தோள் இறுக்கம்தான் எழுதியிருந்தது.
கையை மெல்ல உயர்த்தினேன்.
ஷட்டர் இல்லை, மூட்டை இல்லை, கயிறும் இல்லை.
வழி திறந்தே கிடந்தது.
அவள்தான் போகவிடவில்லை.
நாற்பதில்
அவளுடைய இடது கை வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது.

கேட்க வேண்டியதையெல்லாம் அதன்பிறகுதான் கேட்டேன்.
படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி.
தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையைப்
பொங்கலுக்குள் இரண்டு முறை பிடித்துத் தைத்தாளாம்.
"வெயில்ல நிக்கிற உடம்பு எளைக்கத்தானே செய்யும்."

அன்று நான் எதுவும் செய்யவில்லை.
மறுபடி தூக்கிப் பார்க்கவில்லை, சூடு வைக்கவில்லை.
எலும்பு டாக்டருக்கு நாலு வரி எழுதினேன்,
அவசரம் என்பதை முதல் வரியிலேயே.
"அரை நாள் கூலிய விட்டுட்டு வந்திருக்கேன்,
கரண்டுகூட வைக்காம அனுப்புறியே"
என்று ஹால் முழுக்கக் கேட்கத் திட்டினாள்.
எனக்கு இருபத்து நான்கு வயது.
பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வந்து
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

எக்ஸ்ரே வரிசையில் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன்,
அது வேறு யாராகவும் இருக்கலாம்.
அவள் சீட்டு எங்கள் பக்கம் திரும்பவில்லை.
எலும்பு ஓ.பி.யில் போய்க் கேட்கலாம்.
இரண்டு மாடிதான்.

மார்ச் கடைசியில் காசிமாயனுக்கு நூற்றிருபது.
எழுதி முடிக்குமுன்
"கொத்து பரோட்டா வெலைய அழிச்சுட்டுப்
புதுசா எழுதுனதே நான்தான்" என்று
வாழையிலை சுற்றிய பொட்டலத்தைத்
திறந்து கிடந்த லாக் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

சால்னா கசிந்திருக்கிறது.
எண்ணெய் குடித்த தாளைத் திருப்பினால்
மறுபக்கம் அவள்.
வலது தோள். வெற்று. நாற்பது.
அந்த நாற்பதுக்குப் பின்னால்
நூற்றிருபது
இடவலம் மாறித் தெரிகிறது.