துடைப்பம் தொங்கும் வீடு

ஸ்டுட்கார்ட்டில் முதல் நாள் இரவு
விடுதி வரவேற்பில் இருந்த பெண்
வரைபடத்தில் ஆறு வட்டம் போட்டுத் தந்தாள்.
ஆறு வாசலும் ஏறி இறங்கினேன்.
ஆறிலும் தட்டுகளின் புகைப்படம்,
ஐந்து மொழிகளில் விலை,
வா வா என்று கூப்பிட ஓர் ஆள்.

அவிநாசி சாலையில் இருபது வருஷம்
பம்பு விற்று அலைந்த வயிறு இது.
லாரி நிற்கிற இடத்தில் இறங்கு என்று
அதற்குத் தெரியும்.
இரண்டு மணிக்கே 'தீந்து போச்சுங்க' என்கிறவனை
நாளைக்கு நம்பலாம் என்றும் தெரியும்.

இங்கே லாரிகள்
ஊருக்கு வெளியே
கோடு தாண்டாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள்,
பற்சக்கரம் வெட்டும் எந்திரத்தின் முன்னால்
விலை படியாமல் நின்றபோது
கையெல்லாம் எண்ணெயாக இருந்த ஃபிட்டரைக் கேட்டேன்.
நல்ல ஹோட்டல் எது என்று கேட்கவில்லை.
நேற்று ராத்திரி நீ எங்கே சாப்பிட்டாய்?
"வீட்டில்" என்றான்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"இந்த வாரம் என்றால், துடைப்பத்தில்."

போனின் மொழிபெயர்ப்பு பிசகிவிட்டது என்று நினைத்தேன்.
அவன் குனிந்து பெருக்கிக் காட்டினான்.
அட்டைப்பெட்டி மேல் ஒரு கதவு வரைந்தான்,
கதவுக்கு மேலே அது.

உல்பாக். பஸ் அதற்கு மேல் போகாது.
மூன்று பக்கமும் திராட்சைச் சரிவு,
பழம் பறித்து முடித்த கொடிகள்
கணக்கு முடித்த ஆட்கள்போல் நின்றிருந்தன.
விளக்கு வைத்த பிறகு
துடைப்பத்தைக் கண்ணில் காட்டாத வீட்டில் பிறந்தவன்
அண்ணாந்து அண்ணாந்து
துடைப்பம் தேடிக்கொண்டு போனேன்.

தொங்கியது.
சிவப்பு நாடா கட்டி,
நாம் மாவிலை கட்டுகிற இடத்தில்.

உள்ளே கடை இல்லை. கார் நிறுத்துகிற ஷெட்.
ஆறு பேர் பெஞ்சில் எட்டுப் பேர்.
நாயோடு வந்திருந்த ஒரு பெண்
டவுன் பஸ்ஸில் நகர்வதுபோல
முகம் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.
கரும்பலகையில் ஐந்து வரி.
இரண்டை அடித்திருந்தார்கள்.
அடித்த இரண்டைப் பார்த்ததும்
என் வயிறு தலையாட்டியது.

ரோஸ்விட்டா கொண்டுவந்து வைத்தது
பருப்பு.
சத்தியமாகப் பருப்பு, குழைய வெந்து கறுத்தது.
பக்கத்தில், இடியாப்பத்தை யாரோ கோபத்தில்
பிய்த்துப் போட்டமாதிரி ஒன்று.
காது வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் ஒயின்.
நாய்க்காரப் பெண் வினிகர் குப்பியைத் தள்ளினாள்.
வேண்டாம் என்றேன்.
கேட்கவில்லை, தானே ஊற்றினாள்.
புளிப்பு இறங்கியதும்
அதுவரை வாய்மூடி இருந்த பருப்பு
பேச ஆரம்பித்தது.

பல் தேய்த்துக்கொண்டே ஒரு பையன்
எங்களுக்கு நடுவே புகுந்து
மாடிப்படி ஏறினான்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் தண்டபாணியை இழுத்துப் போனேன்.
நாலு நாளாக விடுதி ரொட்டியும்
பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியுமாய்
காலம் தள்ளுகிற மனிதர்.
வழியெல்லாம் வினிகரைப் பற்றியே பேசினேன்.

கதவுக்கு மேலே ஆணி இருந்தது.

ஷெட்டில் ஒரு நீலக் கார்.
ஜன்னலுக்குள் நாலு பேர் மேசை, அந்தப் பையன்,
ஏதோ கிண்டிக்கொண்டிருந்த ரோஸ்விட்டா.
என்னைப் பார்த்து வெளியே வந்தாள்.
இரண்டு கையையும் விரித்தாள்.
ஒயின் தீர்ந்தது. பிப்ரவரி, என்றாள்.
ஒரு வீட்டுக்காரி எவ்வளவு சிரிப்பாளோ
அவ்வளவு சிரித்துக் கதவைச் சாத்தினாள்.

"இவங்க வீட்லயா சாப்ட்டீங்க?"
"ஆமா."
தண்டபாணி என்னைப் பார்த்தார்,
கொட்டேஷனில் கடைசி சைபரைப் பார்ப்பதுபோல.

பஸ் வர இருபத்தாறு நிமிஷம்.
நிறுத்தத்தில் உட்கார்ந்து
அவர் பொடிப் பொட்டலத்தைப் பிரித்தார்.
ரொட்டியை நான் பிய்த்தேன்.
கொஞ்சம் வினிகர் இருந்தால் தேவலை என்றேன்.