முன் கேமரா

கோத்தகிரியில் ஃபோன்கள் சாகும் விதமே வேறு.
சார்ஜ் போடும் துளையில் தேயிலைத் தூசி.
டிஸ்ப்ளேக்குள் புகுந்துவிட்டுத்
திரும்பத் தெரியாத மேகம்.
டானிங்டனில் என் கடை, ஆறடிக்கு நாலடி.
ஹீட் கன்னைப் பிடித்தால்
விரலுக்கு மட்டும் வெயில்காலம்.

போன மாதம் ஒருவன் கொண்டுவந்ததைக்
காட்டுமாடு மிதித்திருந்தது.
ரீலுக்காகப் பதினைந்தடி வரை போனானாம்.
முழங்கையில் கட்டு, தாடையில் தையல்.
"வீடியோ சேவ் ஆயிருக்காண்ணா?"
ஆகியிருந்தது.
வானம், புல், வானம், ஒரு குளம்பு.
கடையில் நின்றபடியே
அதற்கு மூன்று பாட்டு மாற்றிப் பார்த்தான்.

அவனைச் சொல்ல வரவில்லை. இது
கட்டபெட்டு பஸ்ஸில் வருகிற பிள்ளையைப் பற்றி.
பிளஸ் ஒன் யூனிஃபார்ம், மேலே சிவப்பு ஸ்வெட்டர்.
மழைக்கு ஒதுங்கினவளைப் போல் நின்றாள்.
மழை இல்லை.
ரசீதுக்குப் பெயர் கேட்டேன். தர்ஷிகா.
என்ன கம்ப்ளெயிண்ட்?
"ஒண்ணும் இல்லண்ணா.
முன்னாடி கேமராவ மட்டும் கழட்டணும்."
வேலை செய்யலையா?
"செய்யுது."

ஒன்பது வருடமாக
உடைந்ததோடு வருகிறார்கள்.
அடுத்தவர் ஃபோனைத் திறந்து தரச் சொல்லி
ராத்திரியில் வந்தவர்களை அனுப்பியும் இருக்கிறேன்.
நன்றாக இருப்பதைப் பிடுங்கச் சொல்லி
யாரும் வந்ததில்லை.
மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமே, அஞ்சு ரூபாதான் என்றேன்.
"உரிச்சுடுவேன்" என்றாள்.
அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

உறையைக் கழற்றினேன். பின்னாலிருந்து விழுந்தது
நாலாக மடித்த இலை எடைச் சீட்டு:
பதினெட்டு கிலோ, யார் கையெழுத்தோ.
சட்டென்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கழற்றுமுன் ஒருமுறை சோதிப்பது வழக்கம்.
கேமராவைத் தொட்டேன்.
அவள் கடைசியாக விட்ட இடத்தில் திறந்தது.
உள்ளே யாரோ ஒருவன்.
சன்னமான மூக்கு. கன்னத்தில் அம்மைத் தழும்பு இல்லை.
சலித்த மைதா நிறம்.
உதட்டில், எனக்கு எந்த நாளும் இல்லாத ஒரு ஈரம்.
தலையைச் சாய்த்தேன், அவனும் சாய்த்தான்.
தேயிலை லயத்தில் பிறந்து முப்பத்தொரு வருடம்,
என்னை யாரும் இவ்வளவு அக்கறையாகத் திருத்தியதில்லை.
தேவைக்கு மேல்
நாலு விநாடி பார்த்திருப்பேன்.
அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பாத்தீங்களா" என்றாள்,
கேள்வியாக அல்லாமல்.

எட்டுத் திருகு, கொஞ்சம் பசை, கடுகளவு கண்.
இடுக்கியில் தூக்கியபோது
அதற்குள் என் ட்யூப் லைட் மினுங்கியது.
நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"நீங்களே வெச்சுக்குங்க."
எண்பது ரூபாய். நூறைக் கொடுத்தவள்
பஸ் ஹாரன் கேட்டு மீதிக்கு நிற்காமல் ஓடினாள்.
இருபது ரூபாயை ரசீதோடு சேர்த்துப் பின் அடித்தேன்.
கண்ணை, காலி இருமல் மிட்டாய் டப்பாவில்,
சிம் குத்தும் ஊசிகளுக்கு நடுவே.

அன்று இரவு என் ஃபோனில்
அந்த ஃபில்டரைத் தேடினேன்.
பெயர் தெரியாது. வரிசையாக ஏதேதோ முகங்கள்:
நாய்க்காது வைத்த நான், கிழவனான நான்,
கண்ணாடி போட்ட, கண்ணீர் மினுக்குகிற நான்.
மணி இரண்டு. கண்ணாடி ஜன்னல் வியர்த்திருந்தது.
எதுவும் அவனாக இல்லை.
சார்ஜ் தீர்ந்து திரை அணைந்ததும்
கறுப்பில் ஒருவன் தெரிந்தான்,
அவனை நான் நாலு விநாடி பார்க்கவில்லை.

உறைபனி விழுந்த வாரம் மறுபடி வந்தாள்.
டெம்பர் கிளாஸ் மாற்றணுமாம்.
பழையதில் ஒரு கீறல்கூட இல்லை.
நான் குமிழியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
"அது இருக்காண்ணா?"
இருக்கு. மாட்டணுமா? பத்தே நிமிஷம்.
டப்பாவைக் குலுக்கிக் காட்டினேன்.
எல்லாம் ஒரே சத்தம், ஊசியும் திருகும் அதுவும்.
கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.
"இருக்கட்டும்" என்றாள்.

அந்த இருபது ரூபாயை மட்டும்
ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.