இரண்டு புள்ளி எட்டு

கிளீதோர்ப்ஸ் கடற்கரையை ஒட்டிய கார் நிறுத்தத்தில்
ஞாயிறு காலைச் சந்தை.
உடைந்த டோஸ்டருக்கும் குழந்தைக் காலணிக்கும் நடுவே
ஒரு புகையிலை டப்பா மூடியில் கிடந்தது.
பொன்னிறம். முக்காட்டின் மேல் சின்னக் கிரீடத்தோடு ராணி.
மறுபக்கம் கேடயம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு.
மதிப்பு எவ்வளவு என்று மட்டும் எங்கும் இல்லை.
"அரை சாவரின் மாதிரி இருக்கு, எனக்கென்ன தெரியும்"
என்றாள் விற்றவள்.
தெரியாது என்பதை அவள் சொன்ன அழகுக்கே
நாற்பது பவுண்டு கொடுத்தேன்.

நாணயம் சேர்க்கத் தொடங்கி ஏழு வாரம்.
கைவசம் ஒரு பூதக்கண்ணாடி,
நூலகத்தில் இரவல் வாங்கிய விலைப்பட்டியல்,
அவசரம்.

நான் பல் செய்கிறவள்.
கிரிம்ஸ்பி மீன்துறைக்குப் பின்னால் மாடியறை.
அடியில் உலோகம், மேலே பீங்கான்;
பார்க்கிறவர் நம்பினால் எனக்குச் சம்பளம்.
திங்கட்கிழமை, பொடி நிறுக்கும் தராசில் காசை வைத்தேன்.
இரண்டு புள்ளி எட்டு கிராம்.
அரை சாவரினுக்கு நான்கு வேண்டும், ஒரு இழை குறைய.
ஜன்னலை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மறுபடி வைத்தேன்.
தராசுக்கு என்மேல் இரக்கமில்லை.

கண்ணாடியில் பார்த்தால், ராணியின் கன்னமேட்டில், காதோரத்தில்
பொன் தேய்ந்து உள்ளிருந்த வெள்ளி
பல்லிளித்தது.
அதுவும் பல் செய்கிறவளிடம்.

ஆறு பென்னி.
யாரோ முலாம் பூசிப் பத்து ஷில்லிங்காக நடமாட விட்டது.
ஆறுக்கு நூற்றிருபது.
பட்டியலில் பொடியெழுத்தில் ஒரு குறிப்பு:
இந்தக் காரணத்துக்காகவே அந்த அச்சை அந்த ஆண்டே நிறுத்திவிட்டார்களாம்.
பொடியெழுத்தைப் படிக்காதவர்களால்தான்
இந்தக் காசு இன்னும் பிழைக்கிறது.

டெஸ்மண்ட் அமிலக் குப்பியை ஆட்டிக் காட்டினான்.
"பத்து நிமிஷம். உரிச்சிடலாம். வெள்ளியாவது மிஞ்சும்."

உரிக்காமல் லவுத்துக்குக் கொண்டுபோனேன்.
கடைக்காரர் பிளென்கின் முகத்தைப் பார்க்கவேயில்லை;
விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
சட்டையில் குத்திக்கொள்ளவும் முலாம் பூசுவார்களாம்,
அப்படியானால் பற்றவைத்த தழும்பு இருக்குமாம்.
தழும்பு இல்லை.
"உரிச்சா எட்டுப் பவுண்டு, அதுவும் அழுதுகிட்டே.
உரிக்காட்டி, பொய்யைச் சேர்க்கிற ஆள் வந்தா இருபத்தஞ்சு.
வராட்டி அதே எட்டு."
முலாம் அந்தக் காலத்ததா என்றேன்.
"தேஞ்சிருக்கு. அதுக்கு மேல சத்தியம் பண்ணமாட்டேன்."

பேருந்தில் மழை.
தேய்ந்திருக்கிறது என்றால் கைமாறியிருக்கிறது.
மங்கல் விளக்கில் ஒரு மதுக்கடைக்காரி அதை நம்பி
மீதிச் சில்லறையை எண்ணி வைத்திருக்கலாம்,
இரவு கல்லாவை எண்ணும்போது
அவளுக்கும் கை கனம் உறைத்திருக்கலாம்.
அல்லது யாரோ பையிலேயே வைத்துத் தேய்த்தார்களா,
கொடுக்கத் துணியாமல்?

செல்லாக்காசு அல்ல இது.
தன் அளவுக்குச் செல்லும் காசு,
அதற்கு மேல் செல்லப் பார்த்தது.

உறையில் போட்டு மேலே எழுதினேன்:
ஆறு பென்னி, முலாம், காலம் உறுதியில்லை.
விலைக் கட்டத்தில் நாற்பது என்று எழுதி அடித்தேன்.
எட்டு என்று எழுதி, அதையும் அடித்தேன்.
மிச்சமிருந்த இடுக்கில்
எடையை எழுதினேன்.

நூலகப் புத்தகத்தை இன்னும் திருப்பவில்லை.