எண்பதாம் நாள்

செருப்பை அடிவாரத்தில் விட்டாயிற்று.
முதுகுத் தோல்தூளியில் மகள்.
பெண் பிள்ளைக்கு எண்பதாம் நாள் ஞானஸ்நானம்;
கோயிலோ பாறையின் நெற்றியில்.
திக்ராய்ப் பக்கம் எங்கள் முன்னோர்
கடவுளைக்கூடச் சமதரையில் வைக்கவில்லை.

மலையைப் பார், ஒத்தாசை வரும் என்கிறது சங்கீதம்.
பார்த்தேன்.
தலைசுற்றல்தான் வந்தது.

"வலது காலை வை, ஹப்தோம்!"
மேலிருந்து லெத்தாய் கத்துகிறாள்.
எங்கே வைக்க?
பாதிரியார் பழைய கீஸ் மொழியில் ஓதுகிறார்.
எனக்கு விளங்குவது ஒரே சொல்: அஞ்சாதே.
அவருக்கென்ன, பிறந்ததே இந்தப் பாறையில்.

தடவித் தடவி விரல்கள்
ஒரு குழியைக் கண்டன.
கிண்ணம்போல் வழவழப்பு.
உளி பட்ட தடம் இல்லை.
நடுங்கிய கால்கள்
எத்தனை நூறு வருஷமாய்
அழுத்தி அழுத்தித் தேய்த்த குழி.

அஞ்சாதே என்ற சொல்லும்
இப்படித் தேய்ந்ததுதானோ?
துணிந்தவனுக்கு அது
வாயில் வந்தே இருக்காது.

பெருவிரலை ஊன்றினேன்.
பொருந்தியது.
முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.
அந்த ஆட்டத்தில்
மகள் நன்றாகத் தூங்குகிறாள்,
புயலன்று படகின் பின்னணியத்தில்
தூங்கினவர்போல.